குளக்கரைப் பூக்களைத் தின்பது யார்?

கேள்வி: அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். வாசலுக்கு எதிரே 12 அடி நீளம், 8 அடி அகலம், 3 அடி ஆழத்தில் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறோம். கோய், கப்பி, இரண்டு புல்கெண்டை இருக்கின்றன. தொட்டியைச் சுற்றிப் பூச்செடிகள். பொங்கல் கழிந்ததிலிருந்து ஒரு பூவும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. செம்பருத்தி மொட்டைக் காணோம், ரோஜாத் துளிரைக் காணோம், செவ்வந்தி நாற்று தரையோடு போகிறது. தண்ணீருக்குள் இருக்கும் அல்லி இலைகூட ஓரம் கடிபட்டுக் கிடக்கிறது. மயில் வருவதை நாங்களே பார்த்திருக்கிறோம். விடியற்காலையில் மான் நின்றதாக வேலைக்கு வரும் அக்கா சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஃபோரேட் குருணையைத் துணியில் முடிந்து கட்டச் சொல்கிறார். மகன் கம்பி இழுத்துக் கரண்ட் கொடுக்கலாம் என்கிறான். எனக்கு இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை. சாமிக்கு வைக்க நாலு பூ வேண்டும், மீனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டு யோசனைகளையும் இன்றே கைவிட்டுவிடுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

ஃபோரேட்டை முடிச்சுக் கட்டித் தொங்கவிடுவது காட்டுப்பன்றிக்காகப் பல ஊர்களில் செய்துவந்த வேலை. அதன் நெடிக்குப் பன்றி ஒதுங்கும் என்பது கணக்கு. ஆனால் அது டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்ட கொடிய விஷம். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியா முழுவதும் அதன் விற்பனையும் பயன்பாடும் தடை செய்யப்பட்டுவிட்டன. இன்னும் யார் வீட்டிலாவது பழைய இருப்பு கிடந்தால் அது கிடக்கவே கூடாத பொருள். தொட்டி ஓரம் கட்டிய முடிச்சிலிருந்து ஒரு மழைக்குக் குருணை கரைந்து வழிந்தால் போதும், மீன் ஒன்றும் தேறாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மயிலும் நாயும் கோழியும் சேர்ந்து போகும். முடிச்சை அவிழ்க்கிற கைக்கும் அது ஆபத்துதான்.

மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுப்பது குற்றம். மான் சாகிறதோ இல்லையோ, விடிகாலை இருட்டில் பூப்பறிக்கப் போகிற உங்களுக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும்தான் முதல் ஆபத்து. தொட்டியைச் சுற்றி மண் எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதையும் அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். அதிர்ச்சி மட்டும் கொடுக்கிற சூரிய மின்வேலிக்கும் தமிழ்நாட்டில் 2023 முதல் தனி விதிகள் உண்டு. காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் வனத்துறையிடம் கேட்காமல் போடக் கூடாது. நாலு பூச்செடிக்கு அதெல்லாம் தேவையும் இல்லை.

இனி, தின்பது யார் என்று பார்ப்போம். மயிலைக் கண்டீர்கள், மானைப் பற்றிக் கேள்விப்பட்டீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற சேதம் முழுவதும் ஒரே வாயின் வேலை இல்லை. செவ்வந்தி நாற்று தரையோடு போவது முயலாக இருக்கலாம். ரோஜாத் துளிர் மானாக இருக்கலாம், வெள்ளாடாகவும் இருக்கலாம். செம்பருத்தி மொட்டு மயிலாக இருக்கலாம். அல்லி இலை விஷயமே வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கடித்த இடத்தைக் குனிந்து பாருங்கள். முயலுக்கு மேலும் கீழும் கூர்மையான வெட்டுப்பல் உண்டு. அது கடித்த தண்டு கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கியது போலச் சுத்தமாக இருக்கும். உயரம் ஒன்றரை அடிக்கு மேல் போகாது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது. கீழ்ப்பல்லால் பற்றி இழுத்துப் பிய்த்துத்தான் தின்னும். அதனால் துளிர் போன இடம் நாராக, பிசிறாக இருக்கும். இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் செடி மொட்டையாகத் தெரிந்தால் அது மானின் உயரம். ஆட்டுக்கும் மேல்முன்பல் இல்லை, குளம்புத் தடமும் ஏறக்குறைய அதேதான். ஆகவே மானைக் குற்றம் சொல்லும் முன் பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடு மத்தியானத்தில் உள்ளே நுழைகிறதா என்று ஒருமுறை கவனித்துவிடுங்கள். நான் பார்த்த தோட்டங்களில் மான் மேல் விழுந்த பழியில் கணிசமான பங்கு ஆட்டுக்குச் சேர வேண்டியது. மயில் கொத்தித் தின்னும் பறவை. இதழ்கள் துண்டுதுண்டாகக் கீழே சிதறிக் கிடக்கும், பாத்தி மண்ணைக் கிளறிப் போட்டிருக்கும், பக்கத்தில் புழுதி குளித்த பள்ளமும் இருக்கும். கிழங்கோடு தோண்டி எடுக்கப்பட்டிருந்தால் முள்ளம்பன்றி. இலையில் ஓட்டை விழுந்து பக்கத்தில் பளபளவென்று கோடு காய்ந்திருந்தால் நத்தை. தொட்டி ஓரத்து ஈரத்தில் அதுவும் சகஜம். ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கிவிட்டால் போதும்.

சந்தேகம் தீர எளிய வழி ஒன்று உண்டு. மாலையில் பாத்தியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மண்ணைக் கிளறிவிட்டு, நைசான மணலைத் தூவிச் சமன்படுத்தி வையுங்கள். காலையில் வாசல் தெளிக்கும் முன் போய்ப் பாருங்கள். பிளந்த குளம்பா, மூன்று விரலா, சின்னப் பாதமா என்பது தெரிந்துவிடும். இதை ஒரு வாரம் செய்த பிறகு வேலிக்குக் காசு செலவழியுங்கள்.

ஏன் பொங்கலுக்குப் பிறகு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விடை அதில்தான் இருக்கிறது. தை பிறந்ததும் உங்கள் பக்கத்து மேட்டுக்காடுகள் காய்ந்துவிடுகின்றன. புள்ளிமான் தினமும் தண்ணீர் குடிக்க வேண்டிய பிராணி, கோடையில் மயிலும் அப்படியே. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற இடம் உங்கள் தொட்டிதான். தண்ணீருக்கு வருகிறவை வழியில் இருக்கும் துளிரையும் மேய்ந்துவிட்டுப் போகின்றன. முயல் அப்படி இல்லை, அதற்குத் தேவையான ஈரம் தின்கிற பச்சையிலேயே கிடைத்துவிடும். அது நீங்கள் தண்ணீர் விட்டு வளர்க்கும் புல்லையும் நாற்றையும் தேடி வருகிறது. ஆகவே மானையும் மயிலையும் தண்ணீர் வைத்தே திசைதிருப்பலாம், முயலை வேலியால்தான் தடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டு, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாடு நடக்கிறது. உங்கள் ஊர்க் குட்டை அந்தப் பட்டியலில் இருந்தால், அதில் தண்ணீர் நிற்கும்படி ஊர்க்காரர்கள் கவனித்துக்கொள்வது உங்கள் ரோஜாவுக்கும் நல்லது. குட்டையில் தண்ணீர் இருக்கும்போது மான் வீட்டு வாசல் வரை வர வேண்டிய அவசியம் குறையும்.

அதுவரை, தோட்டத்தின் வெளி ஓரத்தில், பூப்பாத்தியைத் தாண்டாமலே எட்டக்கூடிய இடத்தில், ஆழமில்லாத சிமென்ட் தாழி ஒன்று வையுங்கள். வீட்டிலிருந்து 50, 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். கொசு வைக்காமல் இருக்க வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் மட்டும்தான், தீனி வைக்கவே கூடாது. தீனி வைத்த இடத்தை அவை மறக்காது, கூட்டமும் பெருகும். கோழிக்கு இறைக்கும் தானியம் முற்றத்தில் சிந்திக் கிடந்தாலும் மயிலுக்கு அதுவே அழைப்பு. கோழித்தீனியைக் கூண்டுக்குள் வைத்துப் பழக்குங்கள்.

வேலிக்கு வருவோம். தோட்டம் முழுவதையும் வளைக்க வேண்டாம், பாத்திக்கு மட்டும் போதும். மான் 6 அடி வேலியையும் தாவும் என்பதால் திறந்த வெளியை மறிக்க 7 அடியாவது வேண்டும், செலவு தாங்காது. ஆனால் மான் தாவுவதற்கு முன் இறங்குகிற இடத்தைப் பார்க்கும். உள்ளே இடம் குறுகலாக இருந்தால் தாவத் தயங்கும். அதனால் பாத்தியை 6 அடி அகலத்துக்கு மேல் போகாதபடி நீளவாக்கில் அமைத்துக்கொண்டு, சுற்றிலும் 5 அடி உயரத்துக்கு வேலி போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். அந்த வேலியின் கீழ் மூன்றடிக்கு ஒரு அங்குலக் கண் உள்ள கோழி வலையைக் கட்டுங்கள். வலையின் அடியில் ஒரு அடியை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதையுங்கள். முயல் வேலி ஓரத்தில்தான் பறிக்கும், பறித்த இடத்தில் வலை தட்டினால் விட்டுவிடும். மேலே ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் தெளிவாகத் தெரிகிற கயிறு கட்டிவிடுங்கள். மயில் பெரிய பறவை, இறக்கையை விரித்து இறங்க இடமில்லாத குறுகலுக்குள் அது குதிக்காது. கதவு வைக்க மறக்காதீர்கள், அதை மாலையில் சாத்தவும் மறக்காதீர்கள். திறந்த கதவு வழியாக உள்ளே போன மான் மிரண்டு வலையில் மோதிக் காயப்படும்.

பழைய சேலை கட்டுவது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழி, அதை நான் மதிக்கிறேன். சேலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாததால் மான் தயங்குகிறது, அதுதான் அதன் பலம். நிறத்துக்கோ ஆட்டத்துக்கோ மட்டும் பயப்படுவது சில நாளில் பழகிப்போகும். பளபளக்கும் ரிப்பன், பழைய சிடி, சோளக்கொல்லைப் பொம்மை எல்லாம் இதே கதைதான். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் மயிலிடம் கொஞ்ச நாள் ஓடும். மொட்டு கட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கிழிந்த நூல் தொட்டியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய் கட்டிப்போட்டுக் குரைத்தால் நல்லது. அவிழ்த்துவிட்டுத் துரத்த வைக்க வேண்டாம். புள்ளிமான் அடி படாமலே, துரத்திய மிரட்சியிலேயே செத்துப்போகக்கூடிய பிராணி. மயில் 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மானும் அந்தச் சட்டத்தின் காப்பில்தான் வருகிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. விஷம் கலந்த தானியத்தைத் தின்று மயில்கள் வரிசையாகச் செத்துக் கிடக்கும் வயலைப் பார்க்கிற நிலை எந்த ஊருக்கும் வரக் கூடாது.

மெல்லிய நைலான் வலையைப் பாத்தி மேலும் தொட்டி மேலும் தளர்வாகப் போர்த்துவதை நான் பரிந்துரைப்பதே இல்லை. தண்ணீர் உள்ள இடத்துக்குத் தவளை வரும், தவளைக்குத் தண்ணீர்ப்பாம்பு வரும், எலிக்குச் சாரை வரும். இவை தளர்ந்த வலையில் தலையை நுழைத்துவிட்டுச் செதில் மாட்டிப் பின்வாங்க முடியாமல் வெயிலில் செத்துப்போகும். மீன்கொத்திக்கும் கொக்குக்கும் அதே கதிதான். மீனைக் காக்க மூடித்தான் ஆக வேண்டும் என்றால், விறைப்பான வெல்டு மெஷ்ஷைச் சட்டத்தில் அடித்துத் தண்ணீருக்கு ஒரு அடி மேலே நிறுத்துங்கள். தொட்டியின் ஒரு மூலையில் சொரசொரப்பான கல்லைச் சாய்த்தோ, கட்டை ஒன்றைச் சாய்த்தோ வையுங்கள். செங்குத்துச் சுவர் உள்ள தொட்டியில் விழுந்த முயல்குட்டியும் கோழிக்குஞ்சும் ஏறிவர வேறு வழி கிடையாது.

அடுத்தது, நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் எனக்கு அதிகம் கவலை தரும் விஷயம். செடிக்கு அடிக்கிற, போடுகிற பொருள்கள். இயற்கை என்றாலே மீனுக்கும் நல்லது என்று நம்பிவிடுகிறோம். இலுப்பைப் புண்ணாக்கு இயற்கைப் பொருள்தான். ஆனால் மீன் வளர்ப்பவர்கள் குஞ்சு விடும் முன் குளத்தில் இருக்கும் விரால், கெளுத்தி எல்லாவற்றையும் ஒழிக்கப் போடுவதே அதைத்தான். ஒரு மீட்டர் ஆழக் குளத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்பது அவர்கள் கணக்கு. உங்கள் தொட்டியில் ஏறத்தாழ 8,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்தக் கணக்குப்படி இரண்டு கிலோ போதும். ரோஜாப் பாத்திக்கு உரமாகப் போடக்கூடிய அளவுதான் அது! ஒரு கனமழையில் பாத்தி மண் தொட்டிக்குள் வழிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அரப்பு இலையும் மோரும் சேர்த்துச் செய்கிற அரப்புமோர்க் கரைசலும் நுரைக்கிற பொருள். சோப்புத் தண்ணீர் மீனின் செவுளைப் பாதிக்கும். வேப்பெண்ணெய் தண்ணீர் மேல் படலமாகப் பரவும், மீனுக்கும் ஆகாது. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலும் அப்படியே. இவை எல்லாவற்றையும் தொட்டியிலிருந்து 10 அடிக்கு அப்பால் மட்டும், காற்று அடங்கிய நேரத்தில் பயன்படுத்துங்கள். அதற்குள் இருக்கும் செடிக்கு மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் போதும், அதையும் கொஞ்சமாகவே போடுங்கள். சாணிச்சத்து வழிந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும்.

வழியாமல் தடுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. தொட்டி விளிம்பைத் தரையிலிருந்து அரையடி உயர்த்திக் கட்டுங்கள். அதைச் சுற்றி மூன்றடிக்குச் செடியே இல்லாமல் ஜல்லி பரப்புங்கள். மழைத்தண்ணீர் வேறு பக்கம் ஓட வாட்டம் கொடுங்கள். முயலுக்கு ஒளிய இடமும் போய்விடும், உங்களுக்கு நடக்க இடமும் கிடைக்கும். இவ்வளவுக்குப் பிறகும் என்றாவது மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழும்படி விடுங்கள். போர்வெல் தண்ணீரில் பிராணவாயு குறைவு, விழுந்து தெறித்தால்தான் சேரும். குழாயில் வரும் குளோரின் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே விட வேண்டும்.

மானை விரட்ட ஒரு தெளிப்பு வேண்டுமென்றால் முட்டைக் கரைசல் சொல்வேன். லிட்டருக்கு ஒரு முட்டை அடித்துக் கலக்கி, வடிகட்டி, வேலிக்கு வெளியே நிற்கும் செடிகளின் இலையில் அடியுங்கள். கெட்ட முட்டை நெடி நமக்கு மறைந்த பிறகும் மானுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், மழைக்குப் பிறகும் திரும்ப அடிக்க வேண்டும். பறிக்கிற பூவில் படக் கூடாது, தொட்டியிலும் தெறிக்கக் கூடாது.

செடிகளை இடம் மாற்றுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலிக்கு வெளியே விலங்குகள் விரும்பாதவை நிற்கட்டும். நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல் போன்றவை. சாமிக்கு நந்தியாவட்டையும் துளசியும் ஆகிவிடும். அரளியையும் எதுவும் தொடாது. ஆனால் அதன் இலை, பூ எல்லாம் நஞ்சு, தொட்டிப் பக்கம் வேண்டாம். வேலிக்குள் ரோஜாவும் செவ்வந்தியும் வையுங்கள். செவ்வந்தி நாற்றை முற்றும்வரை மாடியில் பூந்தொட்டியில் வளர்த்துவிட்டு இறக்கினால் முயலுக்கு அவ்வளவு ருசிக்காது. செம்பருத்தியை ஒரே தண்டாகக் கவாத்து செய்து ஏற்றிவிட்டால் மொட்டுகள் முயலுக்கு எட்டாது.

கடைசியாக அல்லி. தண்ணீருக்கு நடுவில் இருக்கும் இலையை மானும் முயலும் வந்து ஓரம் ஓரமாகக் கடிக்காது. கரையோரத்து இலை என்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம், நடு இலை என்றால் சந்தேகமே இல்லை. அது உங்கள் புல்கெண்டை. பெயரே சொல்கிறது, அதன் உணவு நீர்த்தாவரம். வளர வளர ஒரு நாளில் தின்கிற பச்சை கூடிக்கொண்டே போகும், 8,000 லிட்டர் தொட்டி அதற்குப் போதவும் போதாது. கோய் மீனும் இளம் இலையைக் கடிக்கும், கிழங்கு ஊன்றிய மண்ணைக் கிளறும். அல்லிக் கிழங்கைச் சிறிய சிமென்ட் பூந்தொட்டியில் நட்டு, மண் மேல் பெரிய கூழாங்கற்களைப் பரப்பி மீன் தொட்டிக்குள் இறக்கி வைத்தால் கோயின் தொல்லை அடங்கிவிடும். கப்பியால் ஒரு சேதமும் இல்லை, கொசுப்புழுவைத் தின்றுகொண்டு அது பாட்டுக்கு இருக்கும்.

புல்கெண்டை இரண்டையும் குளம் வைத்து மீன் வளர்க்கிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஊர்க் குட்டையிலோ ஆற்றிலோ விட வேண்டாம். அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன், நம் நீர்நிலைகளில் இருக்கும் செடிகளை மொட்டையடித்துவிடும். கொடுக்கும்வரை தினமும் ஒரு கை வேலிமசாலோ அருகம்புல்லோ போட்டு வாருங்கள், பசி அடங்கினால் அல்லி தப்பிக்கும்.